குன்னெல் கடைப் பை

கார் வேக்ஸ் டப்பாவைத் திறந்ததும் சிக்ஸ்டன் முதலில் செய்வது முகர்வதுதான். மூடியைத் திருகி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைக் கிட்டே கொண்டுபோவான். பிறகு சுட்டுவிரலால் ஓரத்தில் லேசாகத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பான்.

"கைச்சூட்டுலயே உருகுது, பாத்தியா? இது நல்ல சரக்கு."

நானும் அவனும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறோம். என்னிடம் கார் இல்லை, சைக்கிள்தான். அந்த வாசனையைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவன் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நார்வே எல்லையை ஒட்டிய தாலர்னா மாகாணத்தில் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூர்களில் பாதி வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஷெட் உண்டு. அதற்குள் ஒரு பழைய அமெரிக்கக் கார் குளிர்காலம் முழுவதும் போர்வைக்கு அடியில் கிடக்கும். பனி உருகி, வழுக்காமலிருக்கச் சாலையில் கொட்டிய உப்பையும் சரளையையும் நகராட்சி கூட்டி அள்ளிய பிறகுதான் அது வெளிச்சத்தைப் பார்க்கும். ஏப்ரல் முழுவதும் கழுவுவதும் தேய்ப்பதும்தான் வேலை. மே மாதக் கடைசியில் ஏரிக்கரை மைதானத்தில் கார் கிளப்பின் வசந்தக் கூடல் நடக்கும். தெற்கிலிருந்தும் நார்வேயிலிருந்தும்கூட வண்டிகள் வரும். சிக்ஸ்டனின் வெளிர்பச்சை பாண்டியாக் காரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். கிளப்பில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவனிடம்தான் கேட்பார்கள். எந்த ஷாம்பூ, எந்தத் துணி, எந்த வேக்ஸ்? சிக்ஸ்டன் சொன்னால் சரி.

ஊரில் இதற்கென்று இருக்கும் ஒரே கடை ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. காகித ஆலையில் ஆட்குறைப்பு செய்தபோது வெளியே வந்த குன்னெல் என்ற பெண் தொடங்கிய கடை. குளிர்காலத்தில் பனிக்கென்று ஆணி பதித்த டயர்கள் சாலையைக் கிளறி வண்டியில் தெளிக்கும் தாரைக் கரைக்கும் திரவத்திலிருந்து, இருக்கைத் தோலுக்குப் பூசும் களிம்பு வரை எல்லாம் அங்கே உண்டு. கடை நடுவில் இரண்டு மரக்கால்கள்மேல் ஒரு பழைய கார் பானெட் கிடக்கும். அதில் நாடா ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்பார். எந்த டப்பாவைத் திறந்தும் ஒரு கட்டத்தில் தேய்த்துப் பார்க்கலாம். வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆனால் கேள்வி கேட்காமல் குன்னெல் எதையும் விற்கமாட்டார். "பெயின்ட் எந்த வருஷத்தது? யார் அடிச்சது? மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கா, இல்ல வெறும் பெயின்ட்டா?" போலீஸ் விசாரணை போல இருக்கும். அவர் மகான் ஒன்றும் இல்லை. வாய் நீளம். தன் கடையில் இல்லாத பொருள் உலகத்துக்கே தேவையில்லை என்று நம்புபவர். ஒருமுறை சைக்கிள் சங்கிலிக்கென்று ஓர் எண்ணெயை என் தலையில் கட்டினார். ஊர்த்தூசி மொத்தத்தையும் அது என் சங்கிலிக்கு விருந்துக்கு அழைத்தது.

சிக்ஸ்டன் அந்தக் கடைக்குப் போகாத வாரம் இல்லை. முகர்வான், தேய்ப்பான், விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பான், குன்னெலிடம் நூறு சந்தேகம் கேட்பான். அவர் சொல்வதை எல்லாம் மனதில் ஏற்றிக்கொள்வான். பிறகு வீட்டுக்கு வந்து இணையத்தில் ஆர்டர் போடுவான்.

தனக்கு மட்டும் இல்லை, கிளப்புக்கே போட்டான். குன்னெலிடம் இல்லாத, சக்கரம் துடைக்கும் திரவம் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வரவழைத்ததில் தொடங்கியது அது. சேர்ந்து வாங்கினால் விலை குறைவு. அடுத்த வசந்தத்தில் ஷாம்பூவும் சேர்ந்தது, அதற்கடுத்ததில் வேக்ஸும் பாலிஷும். வெளியே யாரும் பேசவில்லை. கூடலில் பரிசுகள் கொடுப்பது குன்னெல். மைதான வாசலில் பெரிய கூடாரம் போடுவதும் அவர்தான். அவருடைய வருடத்தின் பெரிய வியாபாரமே அந்த இரண்டு நாள்தான். அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல யாருக்குத்தான் துணிவு வரும்?

சிக்ஸ்டனுக்கு உறுத்தாமல் இல்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் வெறுங்கையோடு திரும்பக் கூசி, கண்ணாடியில் தொங்கவிடும் வாசனை அட்டை ஒன்றை வாங்கிவிடுவான். அவன் வண்டிக்குள் பைனும் வெனிலாவும் எலுமிச்சையும் ஒன்றையொன்று கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். அந்த ஓர் அட்டையையும் குன்னெல் தன் கடைப் பெயர் போட்ட கெட்டியான காகிதப் பையில் போட்டுத்தான் கொடுப்பார். இந்த ஊரில் யாரும் பையைத் தூக்கி எறிவதில்லை. எல்லார் வீட்டிலும் பாத்திரத் தொட்டிக்கு அடியில் பைகள் நிறைந்த ஒரு பை இருக்கும். சிக்ஸ்டன் வீட்டில் அதில் முக்கால்வாசி குன்னெல் கடைப் பைகள்தான்.

டிப்போவில் ஒருமுறை நான் கேட்டேன். "ஏன்யா, அவ்வளவு நேரம் அந்தம்மாவோட பேசிட்டு வர. அங்கயே வாங்கினா என்ன?"

"விலைக்காக இல்ல. நெட்ல நாலாயிரம் பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க. குன்னெல் ஒரு ஆள்தானே?"

"அந்த நாலாயிரம் பேர்ல உன் வண்டியைப் பாத்தவன் எத்தனை பேரு? பூமி தட்டைன்னுகூடத்தான் ரொம்ப காலம் எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டு இருந்தாங்க."

"உன்கிட்ட வேக்ஸ் பத்திப் பேசினா பூமி வரைக்கும் போயிடுவ" என்று சிரித்துவிட்டுத் தன் பஸ்ஸை எடுக்கப் போனான்.

கடை நல்லது, இணையம் கெட்டது என்று புலம்ப நான் இதை எழுதவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி உலகத்துச் சரக்கை ஒப்பிட்டுப் பார்க்க முடிவது அறிவின் வெற்றி. அதை ஒருநாளும் பழிக்கமாட்டேன். இணையத்தில் தேடி இணையத்தில் வாங்குகிறவன் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால் ஒரு மனிதரை மணிக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, அதற்கான கூலியை இன்னொருவருக்கு அனுப்புவதற்கு எந்தக் காலத்திலும் ஒரே பெயர்தான். சுரண்டல். முதலாளி செய்தால் அது நமக்குக் கண்ணில் படுகிறது. நாமே செய்தால் சாமர்த்தியம் என்கிறோம்.

போன இலையுதிர்காலத்தில் எவெர்ட் இறந்தார். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய கருநீல ப்யூக் காரின் இரண்டு பக்கமும் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை வெண்ணெய் நிறத்தில் நூல்போல ஒரு கோடு ஓடும். அவரே நீளமுடி பிரஷ்ஷால் கையால் இழுத்தது. ஓட்டுநர் பக்கத்தில், பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் அந்தக் கோடு சற்று நடுங்கியிருக்கும். இழுக்கும்போது தும்மிவிட்டாராம். அழித்துவிட்டு மறுபடி போடுகிறேன் என்றவரைத் தடுத்தவர் மனைவி மைலிஸ். "அந்தத் தும்மல் இருக்கட்டும். இல்லன்னா மெஷின் போட்டதுன்னு நினைப்பாங்க" என்றாராம்.

இந்த வசந்தத்தில் மைலிஸ் தானே வண்டியைக் கூடலுக்கு ஓட்டிவருவதென்று தீர்மானித்தார். சிக்ஸ்டன் தானாகவே போய், "தேய்க்கறதுக்கு வேண்டியதை நான் கொண்டாந்து தரேன், நீ கவலைப்படாத" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூட்டு ஆர்டரில் வந்த புது பாலிஷ் பாட்டில் ஒன்றையும் இரண்டு துணிகளையும் தொட்டிக்கு அடியிலிருந்து உருவிய ஒரு பையில் போட்டு, அவர் வீட்டு வாசற்கதவில் மாட்டிவிட்டுப் போனான். எல்லா வகைப் பெயின்ட்டுக்கும் ஏற்றது என்று பாட்டிலில் போட்டிருந்தது. மேலே பூச்சு இல்லாமல் கையால் போட்ட கோட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவனுக்கும் அது தோன்றவில்லை.

மைலிஸ் ஓட்டுநர் பக்கத்திலிருந்து தொடங்கினார். துணியில் மஞ்சளாக ஏதோ ஏறியது. பழைய வேக்ஸ் வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார். முதுகு வலித்து நிமிர்ந்தபோது கதவிலிருந்து பின்விளக்கு வரை கோடே இல்லை.

மறுநாள் காலையில் அவர் பாட்டிலைப் பையோடு தூக்கிக்கொண்டு குன்னெல் கடைக்குப் போனார். கூடலுக்கு முந்தைய வாரங்கள் என்பதால் கடையில் கூட்டம். பானெட்டைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அதில் சிக்ஸ்டனும் இருந்தான்.

"குன்னெல், என்ன விஷத்தை விக்கற நீ?"

குன்னெல் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னோடது இல்ல மைலிஸ். இந்தக் கம்பெனி சரக்கை நான் வெக்கறதே இல்ல."

"உன் பேர் பையிலயே போட்டிருக்கு!"

"பை என்னோடதுதான். பாட்டில் இல்ல. வேணும்னா கம்ப்யூட்டர்ல பாரு, இந்தப் பேரே கிடையாது."

"கம்ப்யூட்டர் உன்னோடது. நீ சொன்னதைத்தானே அது சொல்லும்?"

குன்னெல் நிமிர்ந்தார். "இதை யார் கொண்டாந்து குடுத்தது?"

"சிக்ஸ்டன்."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிக்ஸ்டன் கையில் ஒரு திறந்த டப்பா இருந்தது.

"சொல்லு சிக்ஸ்டன்" என்றார் குன்னெல். குரலில் கோபம்கூட இல்லை. உண்மை தன் பக்கம் இருப்பவருக்கு வரும் அலட்சியம்தான் இருந்தது. "இதை என்கிட்டயா வாங்கின?"

அவன் டப்பாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினான்.

"இருக்கலாம்... சரியா ஞாபகம் இல்ல" என்றான்.

பொய் சொல்வதற்குக்கூட ஒரு துணிவு வேண்டும். அவனிடம் அதுவும் இருக்கவில்லை. 'இருக்கலாம்' என்ற சொல்லை எடுத்து ஒரு பெண்ணின் தலையில் வைத்துவிட்டு, வாசனை அட்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டான்.

அடுத்த வாரம் கிளப் கூட்டம். பழைய பால் பண்ணைக் கட்டடத்தில், பழுதுபார்க்கத் தூக்கும் லிஃப்ட்டில் ஏற்றிய கார் ஒன்றுக்கு அடியில் நாற்காலி போட்டு, காபியும் ஏலக்காய் பன்னுமாக நடக்கும். எங்கள் நாட்டில் எந்தச் சங்கக் கூட்டத்திலும் ஒரு வழக்கம் உண்டு. கை தூக்குவதில்லை, எண்ணுவதில்லை. தலைவர் "இப்படி முடிவு செய்யலாமா?" என்று கேட்பார், அறை மொத்தமும் "சரி" என்று முனகும், மரச் சுத்தியல் மேசையில் விழும். யார் சொன்னார், யார் சொல்லவில்லை என்று தெரியாது. நாகரிகமான ஏற்பாடு என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான புதர் இல்லை என்பேன் நான்.

தலைவர் பெர்டில் விஷயத்தை எடுத்தார். இறந்துபோன உறுப்பினரின் வண்டி பாழாகிவிட்டது, கடைக்காரர் பொறுப்பேற்க மறுக்கிறார், ஆகவே இந்த வருடம் குன்னெலின் கூடாரத்துக்கு இடம் தர வேண்டாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

"இப்படி முடிவு செய்யலாமா?"

"சரி."

சிக்ஸ்டனும் சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் ஒழுங்காகப் பஸ் ஓட்டவில்லை. ஒருநாள் மருத்துவமனை நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான். ஊன்றுகோலோடு ஒருவர் பின்னாலிருந்து கத்திய பிறகுதான் நிறுத்தினான். இடைவேளையில் கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப்போனான். பாண்டியாக் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை என்று அவன் மனைவி என்னிடம் சொன்னார். பிறகு ஒரு மதியம், டிப்போ ஓய்வறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னான்.

கேட்டு முடித்ததும் எனக்கு வந்த கோபத்தில் காபிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"நீ ஒரு ஆளாய்யா? அந்தம்மா உன்னையத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. ஒரு 'இல்ல' சொல்ல முடியலையா?"

"சொல்லியிருந்தா கூட்டு ஆர்டர் வெளியில வந்திருக்கும். எல்லாரும் மாட்டியிருப்பாங்க."

"எல்லாரும்னா?"

அவன் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினான். அப்போதுதான் அது அவனுக்கே உறைத்தது என்று நினைக்கிறேன்.

"அதே பாட்டில்... அந்தக் கூட்டத்துல இருந்தவங்க வீட்டுல எல்லாம் அதே பாட்டில் இருக்கு. கொன்னி ரெண்டு வாங்கினான். பெர்டில்கூட ஒண்ணு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "அது எங்கேருந்து வந்ததுன்னு அவங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் 'சரி'ன்னாங்க."

ஓர் ஆள் பயந்து உளறியது ஒரு விஷயம். ஒரு கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் ஷெட் அலமாரியில் சாட்சியை வைத்துக்கொண்டே, ஏலக்காய் பன்னை மென்றபடி ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறிக்கச் சம்மதித்தது வேறு விஷயம். நல்லவர்கள். பிள்ளைகளைக் கால்பந்துக்குக் கூட்டிப்போகிறவர்கள், பக்கத்து வீட்டுப் பனியையும் சேர்த்து அள்ளுகிறவர்கள். அநியாயம் செய்யக் கொடியவர்கள் தேவைப்படுவதில்லை. வாயில் பன்னோடு 'சரி' என்று முனகுகிறவர்கள் போதும்.

"பாத்தியா, நான் மட்டும் இல்ல" என்றான் சிக்ஸ்டன். அந்த வாக்கியம் பாதியிலேயே அவன் வாயில் கசந்திருக்க வேண்டும். எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "நான் மட்டும் இல்லங்கறதுதான் இன்னும் அசிங்கமா இருக்கு. நான்தானே எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தேன்."

"முதல்ல யார்கிட்ட போகப்போற?"

"மைலிஸ்."

மைலிஸ் வீட்டில் நடந்ததை அவனே பிறகு சொன்னான். அவர் முற்றத்தில் குளிர்காலச் சரளையைக் கூட்டிக்கொண்டிருந்தார். இவன் நின்றபடியே சொன்னான். பாட்டில் இணையத்தில் வாங்கியது, பை தன் வீட்டுப் பை, குன்னெலுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"கோடு போனது உன் தப்பு இல்ல" என்றார். "தேய்ச்சது என் கை. மஞ்சளா வரும்போதே நிறுத்தியிருக்கணும். அழுதேன், முடிஞ்சுது."

சிக்ஸ்டனுக்கு மூச்சு வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நான் குன்னெலை நேத்து கடைத்தெருவுல பாத்தேன். அவ 'ஹேய்'னு வணக்கம் சொன்னா. நான் மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனேன். என் வயசுக்கு, தப்பே செய்யாத ஒருத்தியை அவமானப்படுத்தி அனுப்பிட்டேன். என்னை அப்படி ஆக்கினது யாரு?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எவெர்ட்டோட கோட்டை எடுத்ததுக்கு நீ மன்னிப்பு கேக்கற. அதை நான் குடுத்துடறேன். இதுக்கு என்ன செய்யப்போற?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். பெர்டிலுக்கு போன் போடு. இன்னொரு கூட்டம் கூட்டச் சொல்லு."

பெர்டிலுக்கு அது பிடிக்கவில்லை. கூடலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, எதற்குக் கிளற வேண்டும், கூடாரம் வைக்கச் சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிட்டால் போகாதா என்றார். மைலிஸ் போனைச் சிக்ஸ்டன் கையிலிருந்து பிடுங்கி, "கூட்டத்துல எடுத்த முடிவைக் கூட்டத்துலதான்டா மாத்தணும்" என்றார். எவெர்ட்டின் மனைவி என்பதால் பெர்டிலால் மறுக்க முடியவில்லை.

இந்த முறை நானும் போனேன். காபி ஊற்ற ஆள் வேண்டும் என்று சிக்ஸ்டன் சொல்லியிருந்தான். உண்மையில் அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவன் எழுந்து நின்று சொன்னான். நன்றாகப் பேசவில்லை. காகிதக் கோப்பையைக் கசக்கிக்கொண்டே சொன்னான். "குன்னெல் என்கிட்ட நேருக்கு நேரா கேட்டாங்க. நான் இருக்கலாம்னு சொன்னேன். எனக்குத் தெரியும், இல்லன்னு. இந்த ஆர்டரை எல்லாம் போட்டது நான்."

கூடத்தில் நாற்காலிகள் முனகின. கொன்னி, ஊரிலேயே சத்தமான ஹார்ன் வைத்திருப்பவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்டில் தொண்டையைச் செருமினார். "ஆக, ஒரு தவறான புரிதல் ஏற்பட்டிருக்கு. முந்தைய முடிவை ரத்து செய்யறோம். இப்படி முடிவு..."

"தவறான புரிதல் இல்ல" என்றான் சிக்ஸ்டன். "பொய்."

"சரிப்பா, வார்த்தைக்கு என்ன, இப்ப..."

மைலிஸ் எழுந்தார். "பெர்டில், அந்தச் சுத்தியலைக் கீழ வை. எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த பாட்டில் யார் யார் வீட்டுல இருக்கோ, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க."

"மைலிஸ், இது நம்ம வழக்கம் இல்ல..." என்றான் கொன்னி.

"உங்க வழக்கத்தோட லட்சணம்தான் போன தடவையே தெரிஞ்சுபோச்சே. நில்லுடா. உன்கிட்ட ரெண்டு இருக்காம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் செத்தது. கொன்னி எழுந்தான். அவனுக்குப் பின்னால் ஒருவர், பிறகு சுவரோரம் இருவர். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. கடைசியில், மேசையைப் பிடித்துக்கொண்டு, பெர்டிலும் எழுந்தார். உட்கார்ந்திருந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தலைக்குமேல் லிஃப்ட்டில் தொங்கிய வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்தார்கள். எண்ணெய் ஒழுகுகிறதா என்று சோதிப்பவர்களைப் போல.

மைலிஸ் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குன்னெலிடம் போய்ச் சொல்ல வேண்டும். கிளப் கடிதம் எழுதும் என்றார் பெர்டில். சிக்ஸ்டன் வேண்டாம் என்று தானே போனான். நான் கடை வாசலில் சைக்கிளோடு நின்றேன். கதவு திறந்திருந்தது, எல்லாம் கேட்டது.

அவன் சொல்லி முடிக்கும்வரை குன்னெல் ஒரு பெட்டியிலிருந்து ஸ்பாஞ்சுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை வருஷமா?"

"கொஞ்ச வருஷமா."

"அப்ப நீ இங்க வந்து கேட்டதெல்லாம்... எந்தத் துணி, எத்தனை தடவை தேய்க்கணும், வெயில்லயா நிழல்லயான்னு... அதெல்லாம் அவங்களுக்குப் போய்ச் சொல்றதுக்கா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எனக்குத் தெரியும், சில பேர் பாத்துட்டுப் போய் நெட்ல வாங்கறாங்கன்னு. அது பரவால்ல. கடைன்னா அப்படித்தான். ஆனா உன்னை நான் கஸ்டமர்னு நினைக்கல சிக்ஸ்டன். உன்கிட்ட பேசறதுக்கு எனக்குப் பிடிச்சிருந்துது. இந்த ஊர்ல வேக்ஸ் வாசனையைப் பத்திக் கேக்க வேற யார் இருக்கா?"

இதற்குப் பதில் திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கூடாரத்துக்கு இடம் குடுத்துட்டாங்க. அதே இடம்தான்" என்றான்.

"நான் வரல."

"குன்னெல், அது உனக்குத்தான் நஷ்டம்..."

"என் நஷ்டம் எனக்குத் தெரியும். ஊர்ல பாதிப்பேர் என்னை விஷம் விக்கறவள்னு பேசின பிறகு, சிரிச்சுக்கிட்டு அங்க வந்து நிக்க என்னால முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம். இல்லாமலும் போகலாம்." கடைசி ஸ்பாஞ்சை வைத்தார். "வெளியூர்க்காரங்க தேடி வருவாங்க. எங்க குன்னெல்னு கேப்பாங்க. அவங்களுக்கு யார் பதில் சொல்வாங்க? எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவீங்க, இல்ல?"

"இல்ல. நான் சொல்றேன்."

"என்ன சொல்லுவ?"

"நடந்ததை."

அவர் அவனை நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது" என்றார்.

கூடல் நாளில் வெயில் நன்றாக அடித்தது. மைதான வாசலில், வழக்கமாகக் கூடாரம் நிற்கும் இடத்தில் வெறும் புல் இருந்தது. அதன் நடுவில் சிக்ஸ்டன் நின்றான். பாண்டியாக்கைக் கொண்டுவரவில்லை. காலையில் முதல் வண்டிகள் நுழையும்போதே வந்துவிட்டான். கிளப்காரர்கள் அவனைச் சுற்றி வேறு பக்கமாக நடந்து போனார்கள். கொன்னி ஒரு காபியைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு ஓடினான்.

"குன்னெல் எங்கப்பா?"

"வரல. வண்டி ஒண்ணு பாழாச்சு. பழியை அவங்க மேல விழவிட்டேன். நான் பொய் சொன்னேன்."

முதல் முறை சொல்லும்போது அவன் காது சிவந்தது. மதியத்துக்குள் குரல் கட்டிவிட்டது. சிலர் முறைத்தார்கள். சிலர் என்ன சொல்வதென்று தெரியாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பெண்மணி, "அப்ப இங்க எதுக்கு நிக்கற, கடையில போய் நில்லு" என்றார். அவன் அங்கேயே நின்றான்.

மைலிஸ் ப்யூக்கை ஓட்டிவந்து, சிக்ஸ்டனுக்கு நேர் எதிரே நிறுத்தினார். கோடு இருக்கும் பக்கத்தை மைதானத்துக்கும், கோடு போன பக்கத்தை அவனுக்கும் காட்டி. வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

மாலையில் நார்வேயிலிருந்து வந்த ஓர் ஆள், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், சிக்ஸ்டன் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். "பாவம் அந்தம்மா" என்றார். "போன வருஷம் என் வண்டியைப் பாத்து ஒரு வேக்ஸ் சொன்னாங்க, அவ்வளவு அருமையா இருந்துது. இன்னொரு டப்பா வாங்கலாம்னு வந்தேன்." பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அது பேர் உனக்குத் தெரியுமா? இப்பவே நெட்ல போட்டுடறேன்."

சிக்ஸ்டனுக்கு அந்தப் பெயர் தெரியும். இந்த ஊரில் குன்னெலுக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் தெரியும்.

"தெரியும்" என்றான். "ஆனா நான் சொல்லமாட்டேன். அவங்க கடை ரயில் நிலையத்துக்குப் பின்னால இருக்கு. அவங்களையே போய்க் கேளு."

அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எல்லை வரை ஓட்டவேண்டிய தூரத்தைச் சொன்னார். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தார். வாசலில் வலப்பக்கம் திரும்பினால் ரயில் நிலையம், இடப்பக்கம் நெடுஞ்சாலை.

சிக்ஸ்டன் கழுத்தை நீட்டி அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தான். இடையில் ஒரு நீண்ட காடிலாக் கார் வந்து மறைத்துவிட்டது.